துடைப்பச் சேட்டு

இந்தப் பூமியில் இதுவரை பிறந்த விருந்தாளிகளிலேயே மகா மோசமானவன், எங்கள் வீட்டுக்கு வந்த துடைப்பச் சேட்டுதான். குடித்துவிட்டுக் கலாட்டா செய்த சம்பந்தியைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளை சாப்பாட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கிய மச்சானைச் சமாளித்திருக்கிறேன். அவர்களெல்லாம் இவனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உத்திரமேரூர் கடைத்தெருவில் நெல் மூட்டை தூக்கித் தூக்கியே, அதே கடைத்தெருவில் சொந்தமாக அரிசி மில் வைத்தேன். சாலவாக்கத்து நெல்லும் காவாந்தண்டலத்து நெல்லும் என் மில்லைத் தேடித்தான் வரும். மில் திறந்த அன்றைக்கே சபதம் செய்தேன்: இனி என் தலையில் தலைப்பாகைதான் ஏறும், பாரம் ஏறாது. அப்படியும் எங்கள் தெரு மணியக்காரர் வாயில் நான் 'மூட்டைக்காரன்'தான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வந்தார். குஜராத்தில் ஏதோ ஆசிரமப் பள்ளிக்கூடமாம். அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வந்து இரண்டு வாரம் தங்குவான், இங்கிருந்து ஒருவன் அங்கே போவான். போகிறவன் என் மகன் கண்ணப்பன். வருகிறவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மணியக்காரர் ஆசைப்பட்டார். விடுவேனா? என் வீட்டில்தான் கரண்டு விளக்கு எரிகிறது என்று அடித்துப் பேசி வாங்கிவிட்டேன். புதுச் சாய்வு நாற்காலியும் வாங்கினேன். வடநாட்டு விருந்தாளி அதில் சாய்ந்திருப்பதை ஊரே பார்க்க வேண்டும். அதன் பிறகு எவன் என்னை மூட்டைக்காரன் என்பான்?

வந்தான். பஸ் நிற்கும் இடத்துக்கு வில்வண்டி அனுப்பியிருந்தேன். துரை ஏறவில்லை. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தான். வண்டி காலியாகப் பின்னால் வந்தது.

மணியக்காரர் தன் வாசலில் நின்று கேட்டார்: "இன்னாய்யா மில்லுக்காரரே, விருந்தாளி வரான்னு சொன்னியே. மூட்டை தூக்கவா ஆள் இட்டாந்துகீறே?"

அன்று மதியம் வடை பாயசத்தோடு விருந்து. எங்கள் பக்கம் விருந்தாளி தன் எச்சில் இலையைத் தானே எடுத்தால், சோறு போட்ட வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது. சேட்டு சாப்பிட்டு முடித்தான், இலையைச் சுருட்டினான். "ஐயோ தம்பி, வெச்சுடு!" என்று என் மனைவி பாய்வதற்குள், என் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதில் அப்போதுதான் பாயசம் ஊற்றியிருந்தாள். வாசகர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் வீட்டுத் துடைப்பத்தைக் காணோம். பார்த்தால் சேட்டு தெருவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறான்! என் வாசலில் ஆரம்பித்து மணியக்காரர் வாசல் வரைக்கும். அங்கேயாவது நிறுத்தினானா? அவர் வீட்டுச் சாக்கடையில் இறங்கி அடைப்பு எடுத்தான். மணியக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "அந்தாண்ட இன்னும் கொஞ்சம் கீது பாரு தம்பி" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். 'துடைப்பச் சேட்டு' என்று அன்றைக்கே தெரு பெயர் வைத்துவிட்டது.

தினமும் இதே கூத்து. துடைப்பத்தை நெல் குதிருக்குள் ஒளித்தேன். தென்னங்கீற்றைக் கிழித்துப் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டான். மில் ஆட்களோடு சுற்றித் தமிழ் வேறு பிடித்துக்கொண்டான். ஒருநாள் நடுத்தெருவில் துடைப்பத்தை நான் ஒரு பக்கம் இழுக்க, அவன் ஒரு பக்கம் இழுத்தான்.

"டேய், என் மானத்தை வாங்கவாடா வந்தே? விருந்தாளியா லட்சணமா குந்துடா!"

"குந்திகினு இன்னா பண்றது நைனா? எங்க ஸ்கூல்ல எல்லாரும் பெருக்குவாங்க. கண்ணப்பன்கூட இப்போ அங்க பெருக்கிகினுதான் இருப்பான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குடித்த டம்ளரை நகர்த்தி வைக்காத என் பிள்ளையா! உடனே தந்தி கொடுத்து அவனை வரவழைக்கப் போவதாகக் கத்தினேன்.

"இருய்யா, கொஞ்சம் பெருக்கட்டும். இங்க வந்தாலும் ஒதவும்" என்றாள் என் மனைவி. அவளும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள்!

எப்போது ஒழிவான் என்று காத்திருந்தேன். ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. வில்வண்டி வாசலில் தயாராக நின்றது. சேட்டு அதை ஏறெடுத்தும் பார்க்காமல் பெட்டியைத் தலைக்குத் தூக்கப் போனான். தெருவே வேடிக்கை பார்த்தது. மணியக்காரர்தான் முன்வரிசை.

"வைடா கீழே! வரும்போதுதான் ஊர் சிரிச்சுது. போவும்போதும் என் வூட்டு விருந்தாளி பாரம் தூக்கணுமா?"

"வண்டி வாணாம் நைனா. நடந்தே போறேன்."

"நட. யார் வாணான்னா? பெட்டி மட்டும் உன் தலையில ஏறாது."

பிடுங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். சும்மாடுகூட இல்லை. இருந்த கோபத்தில் சபதமாவது மண்ணாவது!

"இன்னாய்யா, பழைய தொழிலா?" என்றார் மணியக்காரர்.

"ஆமாய்யா. என் வூட்டுப் புள்ள ஊருக்குப் போறான், தூக்கிகினு போறேன். நீ போய் உன் சாக்கடையைப் பாரு. நாளையிலேர்ந்து அதுக்கு ஆள் கெடையாது."

"குடு நைனா, குடு நைனா" என்று சேட்டு வழி நெடுகக் கெஞ்சிக்கொண்டே வந்தான். நன்றாக வேண்டும் அவனுக்கு. இரண்டு வாரம் நான் பட்ட பாட்டை ஒரு முறையாவது அவன் பட வேண்டாமா?

காஞ்சிபுரம் பஸ் வந்து நின்றது. பெட்டியை வாங்கக் கண்டக்டர் கையை நீட்டினார். இறக்கிக் கொடுக்க எனக்குத்தான் மனசு வரவில்லை.