ஓநாய் சொன்ன வைத்தியம்

"பிரிண்டர் படுத்துடுச்சு மாப்ளே."

சனிக்கிழமை காலை ஏழு மணி. போனில் மாமனார் வெர்னான்.

கர்டிஸ் கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கேவா மாமா?" என்றான்.

"இல்ல, கோடைக்கு வா. அதுவரைக்கும் நான் கையால எழுதிக்கிறேன்."

கர்டிஸ் டுலூத் நகரத்தில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஆறு நாள் விடியுமுன் ரோட்டில் இருப்பான். சனிக்கிழமை ஒன்றுதான் அவனுக்குச் சொந்தம். அன்றைக்கு உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்கி, ஒரு மனிதரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. மார்ச் பிறந்துவிட்டது. இன்னும் நாலே சனிக்கிழமைதான், அப்புறம் பனி இளகிவிடும். இந்தக் குளிர்காலத்தில் அவன் ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தப்பு அவனுடையதுதான். கிறிஸ்துமஸ் சமயத்தில், வெர்னானின் பழைய கம்ப்யூட்டரில் இனிப் புதிது எதுவும் ஓடாது, வேறு வாங்கிக்கொள் என்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தது.

"நல்லா ஓடுற மெஷினைக் குப்பையில போடணுமாம்! அதைச் சொல்ல இவன் யாருடா?" என்று அவர் குதித்தார்.

இரண்டு பியர் தந்த தைரியத்தில் கர்டிஸ், "லினக்ஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போட்டுடலாம் மாமா. காசு கிடையாது, யாரும் நம்மள அதட்ட முடியாது" என்று சொல்லித் தொலைத்தான். அவனுக்கும் அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீடியோ பார்த்துப் போட்டுக் கொடுத்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது சனியன்.

பிரிண்டரை ஒரு மணி நேரம் நோண்டிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வெர்னான் பக்கத்தில் இருந்தால்தானே? "நீ பாரு, எனக்கு ஷெட்டுல வேலை இருக்கு" என்று போனும் கையுமாகப் போய்விட்டார். கர்டிஸ் தன் போனை எடுத்து, லினக்ஸ்காரர்கள் கூடும் இணைய மன்றத்தில் கேள்வி போட்டான். மாமனார் என்று எழுத வெட்கமாக இருந்ததால், 'நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டர்' என்று எழுதினான்.

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. எழுதியவர் பெயர் 'ஏரி ஓநாய்'. "சின்ன விஷயம் தம்பி. கீழே இருக்கிற மூன்று வரியை அப்படியே அடி."

அடித்தான். பிரிண்டர் பிழைத்துக்கொண்டது. ஊமையானது ஸ்பீக்கர். அது தெரியவே அடுத்த சனிக்கிழமை ஆகிவிட்டது.

மறுபடி கேள்வி, மறுபடி ஓநாய். "ஒலிக்கான பழைய கோப்பைத் தூக்கி எறி. பயப்படாதே, நான் இருக்கிறேன்." எறிந்தான். சத்தம் வந்தது, வைஃபை போனது.

மூன்றாவது சனிக்கிழமை வைஃபை வந்தது. திரை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது.

"இதுக்குப் பழையதே தேவலை மாமா. புதுசு ஒண்ணு வாங்கிடுங்களேன், நான் பாதி தரேன்" என்று கர்டிஸ் கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

வெர்னான் முகம் சிவந்துவிட்டது. "அங்க கம்பெனிக்குப் போன் பண்ணினா ஒரு மணி நேரம் பாட்டுதான் கேக்கும். இங்க முன்பின் தெரியாதவனுக்குக்கூட ஒருத்தன் வந்து கை கொடுக்கிறான். அதுக்காகத்தானே இதை எடுத்தேன்! உனக்குப் பொறுமை பத்தலை மாப்ளே."

கர்டிஸ் வீட்டுக்குப் போனான். மனைவி மார்சி, "அப்பா வீட்டுலயே ஒரு கட்டிலைப் போட்டுக்கோயேன்" என்றாள்.

கடைசி சனிக்கிழமை. தூண்டில், துளை போடும் கருவி, பிளாஸ்க் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. சாவியைத் திருகும்போது போன் அடித்தது.

"திரை கறுத்துப் போச்சு மாப்ளே. ஒரே இருட்டு."

அரை மணியில் முடித்துவிடலாம் என்று போனான். முடியவில்லை. வெர்னான் வழக்கம்போல் ஷெட்டுக்குப் போனார். கர்டிஸ் கேள்வி போட்டான். ஓநாய் இந்தமுறை ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்கு மேல் வைத்தியம் இல்லை தம்பி. எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து போடு. தயங்காதே."

உள்ளே மாமனாரின் பதினோரு வருட மீன் போட்டோக்கள் இருந்தன. ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நினைத்தான். கேட்டால் ஒவ்வொரு மீனின் கதையும் வரும், பொழுது சாய்ந்துவிடும். உடம்பெல்லாம் அசதி. சொன்னவர் விவரம் தெரிந்தவர்தானே என்று, முன்பு லினக்ஸ் போட்ட பென்டிரைவைச் செருகி, கறுத்த திரையில் எழுத்து தெரிந்ததும் பட்டனை அழுத்திவிட்டான். திரையில் ஒவ்வொரு வரியாக எல்லாம் அழிய ஆரம்பித்தது.

மாமியார் எலைன் காபி கொண்டுவந்து வைத்தாள். "பாவம், முகமே செத்துப் போச்சு உனக்கு."

"மாமா அப்படி என்னதான் பண்றார் ஷெட்டுல?"

"எல்லாம் அந்த லினக்ஸ் கூட்டத்தோடதான். ஓநாயோ நரியோ, ஏதோ பேரு வச்சுக்கிட்டிருக்கார். எவனோ ஒருத்தன் சனிக்கிழமை தவறாம சந்தேகம் கேக்கிறானாம். அவனோட சிநேகிதன் வீட்டுலயும் நம்ம வீட்டு மாதிரியே ஒண்ணு மாத்தி ஒண்ணு கெடுதாம். இவரும் வாயில வந்ததையெல்லாம் எழுதி அனுப்பறார். ஒண்ணுமே தெரியாம ஏன் இப்படிச் சொல்றீங்கன்னு கேட்டா, 'போடி, கெட்டா எவன் வீட்டு மெஷினோதானே, நமக்கென்ன'ங்கிறார்."