கால் ஊன்றாத கண்ணையன்

"காலை ஊனாதீங்க! ஊனாதீங்க!"

காற்றடிக்கப் பம்பு கேட்கலாம் என்று மாதா கோயில் திடலுக்குள் சைக்கிளைத் திருப்பிய கண்ணையன், அந்தக் கூச்சலில் பயந்து, இறக்கப் போன காலை மறுபடி பெடலிலேயே வைத்துவிட்டான்.

அதுதான் அவன் செய்த தப்பு. நூறு பேர் கைதட்டினார்கள்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் திருவிழா. இறங்காமல் மூன்று நாள் சைக்கிள் ஓட்டும் வித்தைக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தாகியும் வரவில்லை. கறுப்புக் கண்ணாடியும் காக்கி அரைக்கால் சட்டையும் உடம்பெல்லாம் புழுதியுமாக வந்து மாட்டியவன் கண்ணையன்.

பதினெட்டு நாளாகத் தன்னந்தனியே ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று மலைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, ஏரிகளைச் சுற்றிவிட்டுத் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தான். இன்னும் பதினைந்தே மைல். மாலை நான்கு மணிக்குள் தாய்மாமன் சீனுவாசனின் அரிசி மில் வாசலில் போய் நிற்கவேண்டும். நின்றால்தான் மாமன் மகள் ராஜாமணி அவனுக்கு.

டைப்ரைட்டிங்கில் பாதி, இந்தியில் பாதி, கட்டிய சுவரில் பாதி என்று எதையும் அரைகுறையாக விடுகிறவனுக்கு மாமா வைத்த பரீட்சை அது. "எடுத்ததை முடிக்காத பயலுக்கு எம் பொண்ணு கெடையாது!" என்று ஊரறியச் சொல்லியிருந்தார். சாட்சிக்கு மூன்று ஏரித் தண்ணீரையும் மூன்று பாட்டில்களில் பிடித்துக் கேரியரில் கட்டியிருந்தான்.

"ஐயா, நான் அந்த ஆளு இல்லீங்க! பதினெட்டு நாளா மெதிச்சுக்கினு வர்றேன், வூட்டுக்குப் போவணும்!" என்று திடலைச் சுற்றியபடியே கத்தினான்.

விழாத் தலைவர் அடைக்கலராஜ் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! அண்ணன் பதினெட்டு நாளா எறங்காம ஓட்டிக்கினு இருக்காரு!"

திடல் அதிர்ந்தது. அவன் வேகம் குறைந்தால் இரண்டு பேர் ஓடிவந்து சீட்டைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"பசிக்குதுங்க. எறங்கி ஒரு வாய் சாப்பிட்டுட்டு..."

"எறங்கறதா? நல்லா இருக்கே!" என்று சூசை மேரி என்கிற அம்மாள் கேப்பைக் கூழோடு கூடவே ஓடிவந்து ஊட்டினாள். பாதி வாயில் போயிற்று, பாதி சட்டையில்.

"மயக்கமா வருதுங்க!"

அதைச் சொல்லியிருக்கவே கூடாது. யாரோ கேரியரிலிருந்த பாட்டில்களை அவிழ்த்தார்கள். ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் மூன்றும் வரிசையாக அவன் தலையில் இறங்கின. கண்ணையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நாலு மணிக்கு எனக்குக் கல்யாணப் பேச்சுங்க!"

"கல்யாணத்தக்கூட வுட்டுட்டு நமக்காவ ஓட்டறாரு!" என்றது மைக். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோட்டில் போன பஸ்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போயின.

மணி இரண்டு அடித்தபோதுதான் அவனுக்குப் புத்தி வேலை செய்தது.

"தலைவரே, ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு வர்றேன். எல்லாரும் பார்க்கட்டும். கால் ஊனமாட்டேன், மாதா சத்தியமா!"

"ஜல்தியா வந்துடுங்கண்ணே!" என்று வழிவிட்டார்கள்.

கேட்டைத் தாண்டியதும் நேரே திண்டிவனம் ரோடு. கண்ணையன் திரும்பியே பார்க்கவில்லை. பின்சக்கரத்தில் காற்று பாதிதான் இருந்தது. ஆனாலும் சத்தியத்துக்குப் பயந்து வழியில் எங்கேயும் இறங்கவில்லை. எதிரே வந்த விழுப்புரம் பஸ்ஸுக்குக்கூடக் குஷியாக மணியடித்தான்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மில் வாசலுக்கு வந்து, பத்து மணியிலிருந்து தூக்கியே வைத்திருந்த காலை ஆசை தீர ஊன்றினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தை முழுசாக முடித்துவிட்டான்!

வாசலில் வாட்ச்மேன் பெரியதம்பி மட்டும் இருந்தார்.

"மணியைப் பாத்துக்கோங்க, நீங்கதான் சாட்சி! மாமா எங்க?"

"மொதலாளி மூணு மணி விழுப்புரம் பஸ்ஸுல ஏறி விக்கிரவாண்டி போயிட்டாரு தம்பி. அங்க யாரோ ஒருத்தரு பதினெட்டு நாளா காலே ஊனாம சைக்கிள் ஓட்டறாராம், கண்டக்டர் வந்து சொன்னாரு. 'எடுத்ததை முடிக்கிற ஆம்பளை அவன்தாண்டா, அவனுக்கே எம் பொண்ணைக் குடுத்துடறேன்'னு மாலையும் கையுமா கெளம்பிட்டாரு!"