மோட்டாருக்குத் தெரியாத நம்பர்

காளிராஜ் சிங்கப்பூரில் வந்து இறங்கி இரண்டு நாளாகியும் அவருடைய மோட்டார் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மகன் ஹரியின் வீடு பதினோராவது மாடியில் இருந்தது. ஜன்னலோரம் நின்று எட்டாவது தடவையாகக் கூப்பிட்டார். பாலவனத்தம் பக்கத்தில், அவர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் சுவரில் மாட்டியிருந்த பெட்டி மரியாதையாகப் போனை எடுத்தது. அதற்குள் இருந்த பெண் குரல், "இந்த எண் பதிவு செய்யப்படவில்லை" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டு வைத்தது.

முதல் தடவை இதைக் கேட்டபோது காளிராஜுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "பாத்தியா, எவன் கூப்பிட்டாலும் ஓடாதுன்னு சொன்னேன்ல" என்று மனைவி செல்வலட்சுமியிடம் காட்டினார். அந்த 'எவனில்' தானும் சேர்த்தி என்று அவருக்கு உறைக்க ஒரு ராத்திரி ஆனது.

அந்தப் பெட்டிக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் என்று பெயர். உள்ளே ஒரு சிம் கார்டு. பதிவான நம்பரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு தடவை கூப்பிட்டால் நிற்கும். ஓடுகிறதா நின்றதா என்று குரல் சொல்லிவிடும். எங்கே இருந்து கூப்பிட்டாலும் வேலை செய்யும் என்று சொல்லித்தான் பாலவனத்தத்தில் மோட்டார் வேலையும் செல்போன் ரீசார்ஜும் பார்க்கிற கடைக்கார விஜயபாண்டி அதை அவர் தலையில் கட்டினான்.

காளிராஜ் அதை வாங்கியதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதி உப்பு, மீதி சவர். அவர் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். மோட்டார் சத்தம் கேட்டால் போதும், ரூமுக்கு வெளியே இருக்கும் குழாயடிக்குத் தெருவே குடத்தோடு வந்து நிற்கும். இன்றைக்கு ஒரு குடம் என்று விட்டால் நாளைக்கு டிராக்டரில் டேங்க் வரும் என்பது அவர் கட்சி. அதனால் ரூமுக்குத் திண்டுக்கல் பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து, கிணற்றைத் தன் ஒரு நம்பருக்குள் அடக்கிவிட்டார். மதுரை ஏர்போர்ட் சோதனையில் இடுப்பு 'பீப்' என்று கத்தி, நாலு பேர் முன்னால் சாவியை வெளியே எடுத்துக் காட்ட நேர்ந்தது. அதற்கும் அவர் கூச்சப்படவில்லை.

வம்பு வந்தது சிங்கப்பூர் ஏர்போர்ட்டில். டூரிஸ்ட் சிம் விற்கும் கவுன்டரில் பத்து நாள், பதினைந்து நாள், முப்பது நாள் என்று மூன்று கார்டு இருந்தது. விதை வெங்காயம் வாங்குகிற கவனத்தோடு காளிராஜ் மூன்றையும் புரட்டிப் பார்த்தார். பதினைந்து நாள் கார்டைப் பொறுக்கி, கடைசி விலை என்ன என்று கேட்டார். விலை அதேதான் என்று அந்தப் பெண் சொன்னாள். பழைய சிம்மைக் கழற்றித் திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வைத்தார். அந்த நிமிஷத்திலிருந்து மோட்டாருக்கு அவர் யாரோ ஆகிவிட்டார்.

ஊரில் இரண்டு ஏக்கர் மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டிருந்ததால் மோட்டார் ஓடினால் போதும், ஆள் வேண்டாம். ஓடாவிட்டால் அந்த வெயிலுக்கு நாலே நாளில் பூவெல்லாம் உதிர்ந்துவிடும். போன வருஷம் மழை வராமல் போனது. அதற்கு முந்தின வருஷம் வந்து அழுக வைத்தது. மூன்று வருஷத்தில் அவர் கண்ணால் காணும் நல்ல மிளகாய் இதுதான். பேரனைத் தூக்கி வைத்திருக்கும்போதும் மனசு செடிக்குச் செடி நடந்துகொண்டிருந்தது.

விஜயபாண்டியைக் கூப்பிட்டார்.

"நாந்தாம்ல, காளிராஜ்."

"அண்ணாச்சி, சிங்கப்பூரு எப்படி இருக்கு?"

"ஊரை விடு. மோட்டாரு என்னைய யாருன்னு கேக்குது."

"நம்பரை மாத்திட்டீகளா? அப்பக் கேக்கத்தான் செய்யும். உங்க நம்பரைத் தவிர எதுக்கும் ஓடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக."

"சொன்னேன். இந்த நம்பரையும் சேத்து விடு."

"பழைய நம்பர்ல இருந்து மெசேஜ் போட்டாத்தான் சேரும் அண்ணாச்சி. இல்லன்னா நான் நேர்ல போயிப் பெட்டியத் தொறந்து கையால ஏத்தணும். ரூம் சாவி எங்க இருக்கு?"

காளிராஜ் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சாவி பத்திரமாகச் சிங்கப்பூரில் இருந்தது.

சரி, பழைய சிம்மையே போடுவோம் என்றான் ஹரி. திருநீற்றைத் துடைத்து உள்ளே தள்ளினார்கள். டவர் வரவில்லை. அதற்கு வெளிநாட்டில் பேசுவதற்கான ரீசார்ஜ் பேக் போட வேண்டும் என்றான். போனிலேயே போட்டுத் தருகிறேன் என்று தன் கார்டை எடுத்தான்.

"கார்டு நம்பரையெல்லாம் அதுல தட்டாதப்பா. எவன் பாத்துக்கிட்டு இருக்கானோ. நம்ம விஜயபாண்டி போடுவான்."

விஜயபாண்டி போட்டான். ஒரு பகல் முழுக்க டவர் வரவில்லை. சாயங்காலம் ஹரி வேலையிலிருந்து வந்து, விஜயபாண்டி அனுப்பிய ரசீதைப் படித்தான்.

"அப்பா, இது துபாய், சவுதி, கத்தாருக்கான பேக்கு. சிங்கப்பூரு இதுல இல்ல."

விஜயபாண்டி தப்பை மறுக்கவில்லை. "என் கடையில வெளிநாட்டுப் பேக்கு போடுற அம்புட்டுப் பேரும் அந்தப் பக்கந்தான் போறாக. பழக்கத்துல கை போயிருச்சு. வாரப்ப துபாய்ல எறங்கி வாங்களேன், வீணாகாது."

நாலாம் நாள் காலையில் ஹரி அப்பாவைக் கேட்காமலே சரியான பேக்கைப் போட்டான். டவர் வந்தது. "நூறு நிமிஷந்தான்ப்பா. நம்மளக் கூப்பிட்டு யாரு பேசுனாலும் அதுல இருந்துதான் கழியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

காளிராஜ் மோட்டார் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நரிக்குடியிலிருந்து மைத்துனர் அழகுராஜா. நாலு நாளாக லைன் கிடைக்காமல் தவித்துப் போனாராம். அவருடைய ஆடு ஒன்று பக்கத்து ஊர்க்காரன் வண்டியில் அடிபட்டுவிட்டது. ஆடு எந்தப் பக்கமிருந்து வந்தது, வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது, ஆடு சினையா இல்லையா என்பதில் பேச்சு நடந்து முடிய நாற்பது நிமிஷம் ஆனது. பக்கத்தில் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தம்பி பேசும்போது பாதியில் வைக்கிற தைரியம் காளிராஜுக்குக் கல்யாணமான புதிதிலேயே கிடையாது.

ஒருவழியாக மோட்டாரைக் கூப்பிட்டார்.

"மோட்டார் நிறுத்தப்பட்டது" என்றது குரல்.

காளிராஜ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓடாத மோட்டார் எப்படி நிற்கும்? மறுபடி கூப்பிட்டார். "மோட்டார் இயங்குகிறது." அப்பாடா என்று உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்து, சந்தேகம் வந்து இன்னொரு தடவை கூப்பிட்டார். முறைப்படி இப்போது நிற்க வேண்டும். "மோட்டார் இயங்குகிறது" என்றது.

"ஏங்க, விடுங்களேன். செடியெல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றாள் செல்வலட்சுமி.

"உனக்கு என்ன தெரியும்? இங்க மணி ரெண்டரை மணி நேரம் முன்னால ஓடுதுல்ல, அதுல பெட்டி கொழம்பிருச்சு. அடுத்துச் சொல்ல வேண்டியத இப்பச் சொல்லுது."

செல்வலட்சுமி அடுப்படிக்குப் போய், வைஃபையில் தெருக்காரி சங்கரம்மாளோடு வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தாள். ஊரில் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும்போது இவளுக்குச் சிரித்துச் சிரித்து என்ன பேச்சு என்று காளிராஜுக்கு எரிச்சலாக வந்தது.

சாயங்காலம் ஹரி வந்ததும், சிங்கப்பூர் நம்பரைப் பதிவு பண்ணிவிட்டால் இந்தப் பழைய சிம்மோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று முடிவானது. மெசேஜ் எப்படிப் போட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹரி நம்பரை வெறுமனே தட்டினான்.

"மொதல்ல ஸ்டார் போடணும். நம்பருக்குப் பின்னால ஒரு ஹேஷ்" என்றாள் செல்வலட்சுமி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

ஹரி ஸ்டார் போட்டான், ஹேஷும் போட்டான். 'பதிவு நிராகரிக்கப்பட்டது' என்று உடனே பதில் வந்தது. மூன்று தடவை போட்டும் அதே பதில்.

"வெளிநாட்டு நம்பர்னா சேக்காது போல" என்றார் காளிராஜ். தான் காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் கட்டுப்பாட்டை நினைத்து, அந்தக் கவலையிலும் கொஞ்சம் மெச்சிக்கொண்டார்.

மறுநாள் காலைக்குள் நூறு நிமிஷமும் தீர்ந்தது. கடைசியாக அந்தக் குரல் சொன்னது "மோட்டார் இயங்குகிறது" என்பது. அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியது. கிணற்றில் இரண்டு மணி நேரத்துத் தண்ணீர்தான் ஊறும். அதற்கு மேல் ஓடினால் தண்ணீர் இல்லாமல் சுழன்று மோட்டாரின் காயில் கருகிவிடும். அப்புறம் மிளகாயும் இல்லை, மோட்டாரும் இல்லை. இன்னொரு பேக் போடுகிறேன் என்றான் ஹரி. வாய்க்கு வந்ததைச் சொல்லும் குரலுக்கு இன்னொரு பேக் எதற்கு என்றார் காளிராஜ்.

சிங்கப்பூர் நம்பரிலிருந்து விஜயபாண்டியைப் பிடித்தார். அவன் திருச்சுழியில் ஒரு போர்வெல் வேலையில் இருந்தான். நாளை மறுநாள்தான் திரும்புவானாம்.

"பக்கத்துத் தோட்டத்துச் சுந்தரபாண்டி அண்ணாச்சிகிட்டச் சொல்லி கரண்டுக் கம்பத்துல பீஸ் கட்டையப் புடுங்கச் சொல்லுங்களேன்."

சுந்தரபாண்டி பங்காளி. வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எதிரெதிரே இலை போட்டபோது, இருவரும் ரசத்துக்கு முன்னாலேயே எழுந்து போனவர்கள். காளிராஜ் அரை மணி நேரம் அறைக்குள் நடந்தார். கண்ணுக்குள் மோட்டார் புகைந்தது. மானத்தை விட்டுக் கூப்பிட்டார். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்த எடுப்பில், "எனக்கு லோனு வேணாம்" என்றது சுந்தரபாண்டியின் குரல்.

"ஏலே, வச்சிராத. நான் காளிராஜ் பேசுதேன்."

சுந்தரபாண்டி குரலை உயர்த்தினார்.

"காளிராஜ் செத்தாலும் எங்கூடப் பேசமாட்டான். அந்த வெவரம்கூடத் தெரியாம எவன்ல நீ, அவன் பேரச் சொல்லி ஏமாத்துத? வேற ஆளப் பாரு."

அதோடு அந்த நம்பரைத் தடுத்தும் விட்டார். மோட்டாரும் பங்காளியும் ஒரே நியாயத்தில் நிற்கும்போது மனிதன் என்ன செய்ய முடியும்? பதினைந்து நாளைக்கு வந்தவர் ஆறாம் நாளே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஹரிக்கு முகம் வாடிவிட்டது. பேரன் சட்டையை விடவில்லை. ஆனாலும் கிளம்பினார்.

"நீங்க போங்க. நான் இருந்து வாரேன்" என்றாள் செல்வலட்சுமி. ஊரில் பற்றிக்கொண்டு எரியும்போது ஒருத்தி இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

மதுரையிலிருந்து பிடித்த காரை வீட்டுக்குக்கூட விடாமல் நேரே தோட்டத்துக்கு விட்டார். இறங்கியவர் அப்படியே நின்றார். மிளகாய்ச் செடி கரும்பச்சையாக நின்றது. ஒரு பூ உதிரவில்லை. குழாய்க்கடியில் மண் சொதசொதவென்று இருந்தது. பூட்டைத் திறந்து உள்ளே போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. காளிராஜ் வரப்பில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூறு நிமிஷம் வீண்போகவில்லை. குரல்தான் குளறியதே தவிர, அவர் சொல் கடல் தாண்டி வந்து வேலை செய்திருக்கிறது.

மறுநாள் விஜயபாண்டி வந்தான். வரப்பில் போன சுந்தரபாண்டி, காளிராஜைப் பார்க்காமல் அவனிடம் மட்டும் பேசினார். "ஏலே விஜயபாண்டி, வெளிநாட்டுல இருந்து எவனோ இங்க உள்ள ஒரு ஆளோட பேரச் சொல்லி போன் அடிக்கான். நான் நல்லா வஞ்சு வெரட்டி விட்டுட்டேன். சம்பந்தப்பட்டவுககிட்டச் சொல்லி வையி."

காளிராஜும் தென்னையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னதுக்குச் சந்தோசம்னு சொல்லுல" என்றார். சுந்தரபாண்டி போய்விட்டார்.

"அடுத்த வருசம் மறுபடி போறேன்" என்றார் காளிராஜ், தெம்பாக. "ஹரி அந்தச் சிங்கப்பூர் நம்பரை உசுரோட வச்சிருப்பான். மெசேஜுக்குத்தான் மசிய மாட்டேங்குது, நீ கையால ஏத்திவிட்டுரு. நானும் அதுவும், ரெண்டே நம்பரு. மூணாவது ஆளுக்கு இந்தக் கெணத்துல வேலை இல்ல."

விஜயபாண்டி பெட்டியைத் திறந்து, அதன் சின்னத் திரையில் பட்டனை அமுக்கி அமுக்கி, இதுவரை கூப்பிட்ட கணக்கை வெகு நேரம் படித்தான்.

"பத்து நம்பருக்குத்தான் இதுல எடம் அண்ணாச்சி, பத்தும் உங்க போன்ல இருந்து ஏத்தி ரொம்பிக் கெடக்கு" என்றான். "ஒண்ண அழிச்சாத்தான் புதுசு ஏறும், நம்ம செல்வலட்சுமி அக்கா, சங்கரம்மா, சுந்தரபாண்டி அண்ணாச்சி எல்லாரும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கூப்பிடுறாக, இருக்கிறதுலயே கம்மியாக் கூப்பிடுறது நீங்கதான், உங்களத எடுத்துரவா?"