கட்டைவிரல் அக்காவும் என் கறுத்த நகமும்

செனாய் தொழிற்பேட்டையில் மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே வணக்கம் சொல்லும் ஒரே ஜீவன் எங்கள் கட்டைவிரல் அக்காதான். என்னைவிட இளையவர். இருந்தாலும் எங்கள் தொழிற்சாலையில் பொது மேலாளர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் அக்கா. நானும் அக்கா என்பேன்; அவர் பதிலுக்கு என்னை அண்ணே என்பார். பிளாஸ்டிக் மூலப்பொருள் வாங்கும் பிரிவில் வேலை. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம், எதிரே வருகிறவரை நிறுத்தி, குபீரென்று குனிந்து, ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது.

“இடமே இல்லையே! வெரலெல்லாம் சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்துல மோட்டார் சைக்கிள் நிக்கிற மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்குதுங்க!”

இதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கரை கூடிவிட்டது, ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அக்கா மலிவு விற்பனையில் கிடைத்த இறுக்கமான ஷூவில் ஓடி, இரண்டு நகங்களைப் பறிகொடுத்தார். அந்த நகங்களுக்காக உலகத்திலுள்ள அத்தனை இறுக்கமான ஷூக்களையும் பழிவாங்கக் கிளம்பிவிட்டார்.

கூலாயில் ஒரு திருமண வரவேற்பு. மேடையேறிய அக்கா மாப்பிள்ளையின் காலடியில் குனிந்தார். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய், “ஐயையோ, பெரியவங்க நீங்க போய் கால்ல விழலாமா!” என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். அக்கா அசையவில்லை. பளபளக்கும் கறுப்பு ஷூவை நிதானமாக அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து, “மாப்பிள்ளைக்கு அரை சைஸ் கூட வேணும். நல்லா இருங்க!” என்று வாழ்த்தினார். வீடியோ எடுத்தவர் சிரித்த சிரிப்பில் படமே ஆடியது.

நானும் ஒருநாள் அந்தக் கட்டைவிரலில் மாட்டினேன்.

என் மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். தினமும் இருட்டில் கிளம்பி எல்லை தாண்டிப் போய் இருட்டில் திரும்புகிறவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் வாட்சாப்பில்தான் பேசிக்கொள்வோம். அவள் திடீரென்று ஒருநாள், “அப்பா, லாயாங் லாயாங் ஊர்ல ஒரு ஓட்டம் இருக்கு. அஞ்சு கிலோமீட்டர்தான். ரெண்டு பேருக்கும் பேர் கொடுத்துட்டேன்” என்றாள். மறுநாளே நிறத்தில் மயங்கி, தீப்பிழம்பு போல ஒரு ஷூ வாங்கினேன். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் போடும் அதே எட்டாம் எண். சில நாள் பயிற்சியிலேயே பெருவிரல் நகம் கறுத்தது. மாடிப்படி இறங்கும்போது உயிர் போனது. என்னால் முடியாதம்மா என்று மகளிடம் எப்படிச் சொல்வது என்று கேன்டீனில் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கழட்டுங்கண்ணே” என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

“இங்கேயா அக்கா?”

“பின்ன ஆஸ்பத்திரியிலயா?”

கழற்றினேன். பக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டோடு வேறு மேசைக்குக் குடிபெயர்ந்தார். நகத்தைப் பார்த்து, மகள் ஓடக் கூப்பிட்ட கதையையும் கேட்ட அக்காவின் கண் கலங்கிவிட்டது. “ஓட்டம் கெடக்கட்டும், மக ஆசையா கூப்பிட்டிருக்கால்ல? சாயங்காலம் ஜேபி போறோம். ஓடுறப்ப போடுற காலுறையையே எடுத்துக்கிட்டு வாங்க.”

“இப்ப மத்தியானமே போலாமே?”

“நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கணும்ணே. ஓடுறப்பவும் அப்படித்தானே வீங்கும்?”

ஜேபி என்கிற ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடி. கடைக்காரர் பொறுமைசாலி, என் இரண்டு கால்களையும் நிற்க வைத்து அளந்து, வலது கால் சற்றுப் பெரிது என்றார். “அப்ப பெரிய காலுக்குத்தான் வாங்கணும்” என்றார் அக்கா. ஒன்பதாம் எண் வந்தது.

“நான் எட்டு அக்கா!”

“அது உங்க கல்யாணத்தப்ப இருந்த காலு.”

சிவப்பில் ஒன்று என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. அக்கா அழுத்திப் பார்த்து ஒதுக்கினார். அடுத்ததில் குதிகால் வழுக்கியது. இன்னொன்று பக்கவாட்டில் பிடித்தது. “போகப் போகத் தளரும்” என்றேன். “தளர்றதுக்குள்ள நீங்க தளர்ந்துருவீங்க!” கடைசியில் சாக்கடை மூடியின் நிறத்தில் ஒரு ஜோடி. நின்றேன். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம். குதிகால் அசையவில்லை.

“ஓடிக் காட்டுங்க.”

கடைக்கு வெளியே, பபுள் டீ கடையைத் தாண்டி ஓடினேன். என் குதிகாலைப் பார்த்தபடி அக்கா குனிந்துகொண்டே பின்னால் ஓடி வந்தார். யாரோ ஷூவைத் திருடிக்கொண்டு ஓடுகிறான், ஒரு பெண்மணி துரத்துகிறார் என்று நினைத்துக் காவலாளியும் ஓடி வந்தார். “அலமாக்! அவங்க என் கஸ்டமர் லா!” என்று கத்திக்கொண்டு கடைக்காரரும் ஓடினார். நால்வரும் மூச்சிரைக்க நின்றபோது அக்கா கேட்டார்: “எங்கயாச்சும் வலிக்குதா?”

இல்லை. காலில் ஷூ இருப்பதே தெரியவில்லை.

லாயாங் லாயாங்கில் செம்பனைத் தோட்டத்து நிழலில் மகளும் நானும் ஓடினோம், நடந்தோம், மறுபடி ஓடினோம். தன் அலுவலகத்துப் புது மேலாளர் படுத்தும் பாட்டை, வேலையை விடலாமா என்ற குழப்பத்தை, வீட்டில் சொல்லாத அத்தனையையும் அவள் வழி நெடுகச் சொன்னாள். எல்லைக் கோடு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று இருந்தது.

அக்காவும் எங்கள் பொது மேலாளரும்கூட ஓட வந்திருந்தார்கள். எல்லாரும் ஓடி முடித்தாயிற்று, அக்காவை மட்டும் காணோம். வழியில் யாரோ முன்பின் தெரியாத பெண்ணின் ஷூக் கயிற்றை மண்டியிட்டு அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாராம். அப்புறம் இன்னொருவருடையதாம். கூட்டம் கலைந்தது. ஏற்பாட்டாளர்கள் எல்லைக் கோட்டின் காற்றடைத்த வளைவுக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். அது புஸ்ஸென்று சாயத் தொடங்கியது.

“கெஜாப் லா, கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒருத்தர் வரணும்!” என்று கத்தியபடி என் மகள் ஓடிப்போய் ஒரு பக்கத்தைத் தாங்கினாள். நான் மறுபக்கம். பொது மேலாளர் நடுவில் கையைத் தூக்கினார். எங்களோடு ஓட வந்திருந்த ஷூக் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

தூரத்தில் அக்கா தெரிந்தார், ஆடி அசைந்து.

“என்னங்க இது, கூடாரத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க?”

“ஓடி வாங்க அக்கா, கை வலிக்குது!”

சிரித்துக்கொண்டே அடியில் புகுந்து போனார். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை, அதைக் கீழே இறக்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.