உக்கிரபாண்டி கண்ட மூன்று வெளிச்சங்கள்

அன்றைக்கு உக்கிரபாண்டி முடிவே செய்துவிட்டார். தான் வானத்தில் பார்த்தது நிஜம் என்று சர்க்கார் எழுதித் தரவேண்டும். இல்லையென்றால் இந்த விருதுநகரில் ஒருத்தன் முகத்திலும் முழிக்கப் போவதில்லை.

கோபம் வராதா பின்னே? இரண்டு நாளைக்கு முன்னால், சாயங்காலம் ஏழு மணிக்கு, தெற்கு வானத்தில் மூன்று பச்சை வெளிச்சங்கள். சத்தமில்லை, புகையில்லை. அப்படியே நின்றன. சட்டென்று மேலே போய் மறைந்தன. சொன்னால் ஊரே சிரிக்கிறது. பட்டாசுச் சீமையில் இது ஒரு சாபக்கேடு. வானத்தில் எது மினுங்கினாலும் 'எந்தக் கம்பெனி டிரையல்?' என்றுதான் கேட்பான். சாமியே தேரோடு இறங்கி வந்தாலும் பெட்டிக்கு எத்தனை பீஸ் என்று விசாரிப்பான். உக்கிரபாண்டி இருபது வருஷமாக பேன்சி வெடிக்கு மருந்து கலக்குகிறவர். பச்சையைப் பார்த்தே எந்த உப்பு என்று சொல்லுவார். அவரிடமே, "அது ராக்கெட்டுண்ணே" என்றால்? டீக்கடைக்காரன், "பறக்கும்தட்டு அண்ணாச்சி வந்துட்டாக" என்று கிளாஸை நீட்டினான். கிளாஸ் உடைந்தது.

அந்த வேகத்திலேயே சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். மனு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் விமானப்படை அதிகாரி கனகசபாபதியை ஜீப்பில் கொண்டுவந்து அவர் வீட்டு வாசலில் இறக்கியது.

"பார்த்தப்ப எங்க நின்னீங்க?"

"மாரியம்மன் கோவில் வாசல்ல சார். பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன். விரதம்."

விரதம் என்றால் சாதாரண விரதமில்லை. வீட்டுக்குள் முட்டை என்று பேச்சுகூட வரக்கூடாது. போன வாரம் பரணில் கருவாட்டு வாடை அடித்ததென்று, பானையோடு தூக்கித் தெருவில் போட்டு உடைத்தவர். அவர் மனைவி ராக்காயி சாத்தூர் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போகிறவள். காப்பியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "மனுவுலயும் அதத்தான் எழுதியிருக்கீங்க. காலையில அங்க போய் நின்னு பார்த்தேன். தெற்கே மூணு மாடிக் கட்டடம் மறைக்குது. அங்கிருந்து வெளிச்சம் தெரிய வாய்ப்பே இல்ல. பொய்த் தகவல்னு எழுதி முடிச்சிருவோம்."

உக்கிரபாண்டியின் காது சிவந்தது. அதற்குள் ராக்காயி முந்திக்கொண்டாள்.

"எளுதிருங்க சார். அவுக கோவில்லதான் இருந்தாக. விரதக்காரக, வேற எங்க போவாக? வெளிச்சந்தான் பொய்யி."

"ஏய், வாய மூடு!"

"பசி மயக்கம் சார். கண்ணுல பூச்சி பறந்திருக்கும். பாவம், பச்சத்தண்ணியக் குடிச்சே கெடக்காக."

"யாருக்குடி மயக்கம்?"

"பசி மயக்கம்னும் சேத்து எளுதிக்கோங்க சார்."

அவ்வளவுதான். உக்கிரபாண்டி எழுந்தே விட்டார்.

"எளுதுங்க சார்! சாத்தூர் ரோட்டு முக்கு, பரோட்டாக் கடை வாசப் பெஞ்சு. தெக்க பாத்து உக்காந்திருந்தேன். எலையில நாலு எண்ணெப் பரோட்டா, மட்டன் சுக்கா. வயிறு முட்டத் தின்னவனுக்கு எங்கன இருந்து சார் பசி மயக்கம் வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதிகாரி மட்டும் நிறுத்தாமல் எழுதினார். மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், குனிந்தபடியே கையெழுத்துப் போட்டார் உக்கிரபாண்டி.

"இப்ப இடம் சரியா வருது. ஆனா ஒரு ஆள் சொல்லு போதாது. கூடப் பார்த்த சாட்சி யாராவது வேணும்."

"நான் பாத்தேன் சார்," என்றாள் ராக்காயி. "மூணு பச்ச வெளிச்சம். எங்க ஆபீஸ் பஸ்ஸு அந்த முக்குலதான் நின்னுச்சு. இவுக ரெண்டாவது சுக்காவுக்கு வெங்காயம் கேட்டுக்கிட்டு இருந்தாக."

உக்கிரபாண்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. "பத்து நாளா ஊரே என்னயக் கேலி பண்ணுச்சே! பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னியாடி?"

ராக்காயி அதிகாரியிடம் பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

"வெளிச்சத்தச் சொன்னா பரோட்டாவையும் சொல்லணும்ல? உங்க விரதத்த நான் கெடுப்பேனா?"