ரேமுக்கு நாலு பெர்த்

ரேம் வந்த பெட்டியின் மேல் ஆறாயிரம் என்று அச்சடித்திருந்தது. கம்ப்யூட்டர் திரை நாலாயிரத்து எண்ணூறு என்றது. சக்ரபாணி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். திரை தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

தூத்துக்குடியில் ஒரு தனியார் சரக்கு முனையத்தில் மூத்த அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தக் கப்பல் எந்த பெர்த்தில் வந்து அணைய வேண்டும் என்று உத்தரவு போடுகிற உத்தியோகம். கப்பல்கள் கேட்டன. வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை.

கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கித் தன் கையாலேயே கட்டியது மகள் ஜான்ஹவிக்காக. அவளுக்குப் பெங்களூரில் அனிமேஷன் வேலை. எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னாலும் சொன்னது, இவர் தினமும் போன் போட்டு, இங்கேயே வந்துவிடு என்று பிடித்துக்கொண்டார். கடைசியில் அவள் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள். வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அதில் ரேம் என்கிற நினைவகம் ஆறாயிரம் வேகத்தில் ஓட வேண்டும். அப்பாவே கட்டினால் இன்னும் சந்தோஷம். ஆறாயிரம் வந்த அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

"ஆறாயிரம்தானே?" என்றார் சக்ரபாணி, ஆறே ஆறு தேங்காய் கேட்ட மாதிரி. அவள் வந்தபின் எழுந்திருக்க வேண்டிய நேரம், குளிக்கிற நேரம், போனில் பேசக் கூடாத நேரம் எல்லாவற்றையும் அட்டவணையாகத் தட்டி, அவளுக்கே அனுப்பியும் வைத்துவிட்டார்.

இப்போது நாலாயிரத்து எண்ணூறு. ஏன்? பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேம் செருக நாலு ஸ்லாட் இருந்தன. இரண்டு காலி.

பெர்த் காலியாகக் கிடந்தால் அரைமணிக்குள் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியவர் அவர். தன் வீட்டிலேயே, தன் மூக்குக்குக் கீழேயே, பாதி துறைமுகம் காலி.

உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளைட்டன் கடைக்குப் போனார். கிளைட்டன் ஜான்ஹவியோடு பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவன். உதிரிகள் எல்லாம் அவனிடம் வாங்கியவைதான். இன்னும் இரண்டு ரேம் கொடு என்றார்.

"நாலுமா சார் போடப் போறீங்க?" என்று ஆரம்பித்த கிளைட்டன், என்ன நினைத்தானோ, "உங்க இஷ்டம் சார்" என்று எடுத்துக் கொடுத்தான்.

நாலு ஸ்லாட்டும் நிறைந்தன. மனம் நிறைந்தது. சுவிட்சைப் போட்டார். மூவாயிரத்து அறுநூறு.

கூட்டினால் குறையும் கணக்கு எந்த ஊர்க் கணக்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஆவல் விடவில்லை. கிளைட்டனுக்குப் போன் போட்டார். பயாஸ் என்று உள்ளுக்குள் ஒரு செட்டிங் உண்டு, அதில் போய் ரேம் ப்ரொஃபைலை ஆன் பண்ணினால்தான் பெட்டியில் போட்ட வேகத்துக்கு முயற்சியாவது பண்ணும் என்றான் அவன். ஆன் பண்ணினார். திரை கறுத்தது. கறுத்தது கறுத்தபடியே இருந்தது.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பதில் சொல்லாத எந்தக் கேப்டனையும் அவர் சும்மா விட்டதில்லை. பிளக்கைப் பிடுங்கினார்.

"ஏம்ப்பா கிளைட்டன், செத்துப்போச்சு."

"சாகல சார். புது வேகத்துக்கு ரேமைப் பழக்கிக்கிட்டு இருக்கும். நீங்க நடுவுல பிடுங்கிட்டீங்க. பொறுத்துத்தான் பாக்கணும்."

பொறுத்துப் பார்த்தார். தானே அணைந்து, தானே எழுந்து, மூன்று தடவை திணறி, மறுபடி மூவாயிரத்து அறுநூறில் வந்து உட்கார்ந்தது.

காரணம் உப்புக்காற்று என்று முடிவுகட்டினார். கடற்கரை ஊரில் எது கெட்டாலும் அந்தக் காரணம் தயாராக இருக்கும். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஜன்னல்களைச் சாத்தி, கம்ப்யூட்டர் கேபினெட்டின் ஓட்டைகளை எல்லாம் செல்லோ டேப்பால் அடைத்தார். காற்று போகாமல் உள்ளே சூடேறி, விசிறி மோட்டார் பம்பு போல இரைந்து, மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது.

மனைவி பத்மஜா கதவைத் திறந்து, முகத்தில் அடித்த அனலில் ஓரடி பின்வாங்கினாள்.

"ஏன்னா, உள்ள அடுப்பு மூட்டித் தளிகை ஏதாவது ஆறதா?"

"உனக்குப் புரியாது. இது டெக்னிக்கல்."

"குழந்தை வரணும்னா வர்றா, இல்லேன்னா இல்லை. அதுக்கு இந்தப் பெட்டியை ஏன் இந்தப் பாடு படுத்தறேள்?"

அவள் போய்விட்டாள். சக்ரபாணி டேப்பைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். இது வராவிட்டால் ஜான்ஹவி வர மாட்டாள். மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. ஆழ்வார்திருநகரியில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலி காலியாகவே இருப்பதை எவ்வளவு நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

அப்போது சுவரில் இருந்த கேடயம் கண்ணில் பட்டது. அத்தனை பெர்த்தையும் ஒரு மாதம் முழுக்க நிரப்பி வைத்ததற்காக முனையம் அவருக்குக் கொடுத்தது. அந்த மாதத்தை அவர் முதல் தடவையாக நிதானமாக நினைத்துப் பார்த்தார். எல்லா பெர்த்திலும் கப்பல். லாரிக்குத் திரும்ப இடமில்லை, கிரேனுக்கு நகர இடமில்லை. இறக்க வேண்டிய சரக்கு இறங்கவில்லை. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. விழாவில் கைதட்டியவர்கள் எல்லோரும் ஆபீஸ்காரர்கள். கப்பல்காரர்கள் ஒருவர்கூடத் தட்டவில்லை என்பது இத்தனை காலம் கழித்து இப்போதுதான் உறைத்தது.

ரேமைப் பார்த்தார். கேடயத்தைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா, பத்மஜா பார்க்கிறாளா என்றும் பார்த்துக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் முறையாக, கப்பல் நின்ற பெர்த்தைத் தன் கையாலேயே காலி செய்தார். ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு ரேம் வெளியே வந்தன. ப்ரொஃபைலை ஆன் பண்ணினார். திரை கறுத்தது. பிளக்கை நோக்கிப் போன கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் காபி கேட்டு, அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு வந்தார்.

ஆறாயிரம்.

ஜான்ஹவிக்குப் போன் போட்டார். "ஆறாயிரம் வந்துடுத்தும்மா" என்றார். "நிஜமாவாப்பா?" என்று கம்மிய குரலில் கேட்டாள். சந்தோஷத்தில் குழந்தைக்குக் குரலே எழும்பவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டார். எந்த பஸ் என்று மட்டும் சொல், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தார்.

மிச்சமான இரண்டு ரேமையும் திருப்பிக் கொடுக்கக் கிளைட்டன் கடைக்குப் போனார். கடையில் நின்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கிற மாதிரி, நெரிசல் என்றால் என்ன, காலியிடம் எப்படி வேகத்தைத் தருகிறது, இதை மேலாண்மையில் எப்படிப் பார்க்க வேண்டும் என்று சின்னதாக ஒரு சொற்பொழிவு நடத்தினார். ஆறாயிரம் என்ற சொல்லைக் கேட்டதும் கிளைட்டன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? உசுரே போனாலும் நீங்க ஒரு ஸ்லாட்டைக் காலியா விடமாட்டீங்கன்னு நம்பித்தான ஜான்ஹவி ஆறாயிரம்னு சொல்லிட்டு, பெங்களூருல இன்னும் ரெண்டு வருசத்துக்கு வீடு எடுத்துருக்கா."