பின்னறையின் நோக்கம்

தலையே போனாலும் பின்னறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மாள் முடிவு கட்டிவிட்டார். மைத்துனர் வேலை மாறி வருகிறாராம். வீடு கிடைக்கும்வரை அந்த அறையில்தான் இருப்பாராம். அதற்கு நம்மாள் அவரைத் தன் வழுக்கைத் தலையிலேயே குடிவைத்துக்கொள்ளலாம். அங்கேதான் இப்போது காலியிடம் நிறைய.

பின்னறையில் அவர் கம்ப்யூட்டரோடு ஆபீஸ் வேலை பார்க்கிறார் என்பது ஊரறிந்தது. சாப்பிட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டையை நீட்டுவது அவர் மட்டுமே அறிந்தது.

பயமென்ன? கையில் "ஏன்?" என்ற ஆயுதம் இருக்கிறதே! மென்பொருள் கம்பெனியில் அவர் உத்தியோகமே அதுதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க ஆயிரம் பேர் உண்டு. ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று தோண்டியெடுத்துப் படம் போடுவது இவர். ஆளுக்கொரு வட்டம், நோக்கத்துக்கொரு கட்டம், நடுவில் அம்பு. இவர் "ஏன்?" என்றால் மேனேஜருக்கே வியர்க்கும்.

பின்னறைக்கும் அப்படியொரு படம் வரைந்துகொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"உன் தம்பிக்கு எதுக்கு அந்த ரூம்? நோக்கத்தைச் சொல்லு."

"ராத்திரி படுக்கத்தான்."

"அப்ப நோக்கம் படுக்கிறது. அதுக்கு அந்த ரூம்தான் வேணும்னு இல்லையே! நோக்கம் நிறைவேறினா போதும், வழியை மாத்திக்கலாம். ஹால்ல படுக்கட்டும்!"

தீர்ப்பைச் சொல்லி மீசையை முறுக்கினார். மனைவி கோபப்படவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கிப் பார்த்தாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"நல்லாத்தாங்க இருக்கு. இந்த வட்டம் நீங்களா? உங்களுக்கு எதுக்கு அந்த ரூம்?"

"ஆபீஸ் வேலை பார்க்க."

"அதை ஆபீஸ்லயே பார்க்கலாமே. ஏன் வீட்டுல?"

தூங்க என்று சொல்ல முடியுமா? நெஞ்சை நிமிர்த்தி ஒரு போடு போட்டார்.

"எல்லாம் உன் பக்கத்துல இருக்கத்தான்!"

"நிஜமாவா?"

"சத்தியமா! எவன் கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்ப நோக்கம் என் பக்கத்துல இருக்கிறது. அதுக்கு அந்த ரூம்தான் வேணும்னு இல்லையே," என்றாள்.

மறுநாளே கம்ப்யூட்டர் மேஜை அடுப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மைத்துனர் பெட்டி படுக்கையோடு பின்னறையில் குடியேறினார். நம்மாள் பணிந்துவிடவில்லை. மதியம், மிக்ஸி இரைச்சலுக்கு நடுவே, சிவந்த கண்களோடு எழுந்து நின்று முழங்கினார்.

"இது அநியாயம்! என் மனசுல இருந்த நிஜ நோக்கமே வேற!"

மனைவி மிக்ஸியை நிறுத்தினாள்.

"தெரியும்ங்க. கதவைச் சாத்திட்டா குறட்டை கேக்காதா?"